கொல்லிமலையின் பிறப்பு இறப்புக் கணக்கு

கொல்லிமலையின் பெயர் தமிழில் மிகப் பழையது. அங்கே பிறந்து மறைந்தவர்களின் கணக்கோ மிகப் புதியது. வல்வில் ஓரியின் மலையாகச் சங்கப் பாடல்கள் இதைக் கொண்டாடுகின்றன. மலைமேல் உள்ள அறப்பளீசுவரர் கோயிலின் கல்வெட்டுகள் கொடை கொடுத்தவர்களின் பெயர்களைக் காத்து நிற்கின்றன. ஆனால் மலையில் சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த குடியானவர் எந்த ஆண்டு பிறந்தார், எந்த நோயில் இறந்தார் என்பதை 19ஆம் நூற்றாண்டு வரை எவரும் எழுதி வைத்ததில்லை. எழுதத் தொடங்கிய பின்னும் அந்தக் கணக்கு மலை ஏறி ஒவ்வொரு வீட்டையும் எட்ட நெடுங்காலம் பிடித்தது.

மலையின் அமைப்பு தெரியாமல் இந்தத் தாமதம் விளங்காது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை, 1997 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரும் மேட்டுநிலம் முழுவதும் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு, தேவானூர் நாடு, சேலூர் நாடு முதலிய 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு நாடு என்பது ஒரே ஊரன்று. ஓடைக்கு அந்தப் பக்கம் பத்து வீடு, கரட்டுக்குப் பின்னால் இருபது வீடு என்று சிதறிய சிற்றூர்களின் தொகுப்பு அது. மலை முழுவதும் இப்படி 200க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் உண்டு. மக்கள்தொகை சுமார் 40,000. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர் என்பதே பொருள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. சாலை வருவதற்கு முன் எல்லாமே நடைதான். உப்பு, துணி, வரி, நோயாளி எதுவானாலும் ஆள் சுமந்தே ஏறவும் இறங்கவும் வேண்டியிருந்தது.

எழுத்தில் கணக்கு இல்லாத காலத்திலும் மக்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் பிரிந்து குடியேறியதாக மலையாளிகள் சொல்லும் தோற்றக் கதையே ஒரு வம்சாவளிதான். யார் எந்த வகுப்பு, யாருக்கு யார் பங்காளி, எந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதை ஊர்க்கவுண்டரும் பட்டக்காரரும் பிழையின்றி அறிந்திருந்தார்கள். திருமணத்துக்கும் நிலப் பங்கீட்டுக்கும் அந்த அறிவு போதும். வயதை மட்டும் அது எண்ணிக்கையில் சொல்லாது. பெரியவர் ஒருவரின் வயதைக் கேட்டால், பெருமழை பெய்த வருஷம், காய்ச்சல் வந்து ஊர் காலியான வருஷம் என்று ஏதாவது ஒரு நிகழ்ச்சியைத்தான் அடையாளமாகச் சொல்வார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர்கள் வயதைத் தோராயமாக அறிய இன்றும் உள்ளூர் நிகழ்ச்சிகளைக் கேட்டுப் பின்னோக்கி எண்ணுவது வழக்கம்.

அரசு பிறப்பையும் இறப்பையும் எண்ணத் தொடங்கியது குடிமக்களின் நலன் கருதி அல்ல. 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் போரில் செத்ததைவிட நோயில் செத்தது அதிகம் என்பது தெரியவந்தது. அதை ஆராய அமைத்த அரச ஆணையம் 1863இல் அறிக்கை தந்தது. அதையொட்டி வங்காளம், பம்பாய், சென்னை மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் உருவாயின. சிப்பாய்கள் தங்கும் பாளையத்துக்குள் காலரா எப்படி வருகிறது என்பதை அறிய, பாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் எப்போது எதனால் சாகிறார்கள் என்று தெரிய வேண்டும். கிராம அதிகாரிகள் இறப்பைத் தெரிவிக்கும் ஏற்பாடு அப்படித்தான் பரவியது.

அந்த ஏற்பாட்டின் பலவீனம் தாது வருஷப் பஞ்சத்தில் அம்பலமானது. 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 19.6 லட்சத்துக்கு மேல்; 1881இல் அது சுமார் 16 லட்சம். பத்தாண்டுகளில் வளர்ந்திருக்க வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்தது. பஞ்ச காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் பெருவழிகளிலும் கஞ்சித் தொட்டிகளின் ஓரத்திலும் இறந்தார்கள். எந்த ஊர்ப் பதிவேட்டிலும் அவர்கள் இடம்பெறவில்லை. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், நிவாரணப் பணியில் கூலியைக் குறைத்த, இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியான ரிச்சர்ட் டெம்பிளுடன் வெளிப்படையாக மோதினார். கொடுக்கும் தானியம் உயிரைக் காக்கப் போதாது என்று வாதிட அவருக்கு இறப்புக் கணக்கு தேவைப்பட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதே சர்ச்சைக்குரிய அரசியல் கேள்வியாக மாறிய தருணம் அது. பிறப்பு இறப்புப் பதிவின் வரலாற்றில் கார்னிஷின் இடம் பெரியது. கணக்கு இல்லாத சாவுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதை அவர் நேரில் கண்டார்.

சட்டம் மெல்ல வந்தது. 1886இல் இந்தியா முழுமைக்கும் வந்த பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்வது அவரவர் விருப்பம். சென்னை மாகாணம் 1899இல் தனிச் சட்டம் இயற்றியது. அதுவும் எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் பொருந்தவில்லை. அரசு அறிவித்த இடங்களில்தான் கட்டாயம். கிராமத்தில் பதிவாளர் வேலை கிராம முன்சீப்பின் தலையில் விழுந்தது. வரி வசூல், சிறு வழக்கு, காவல் ஆகியவற்றோடு இதுவும் ஒன்று. வருவாய்த் துறையின் கிராமக் கணக்குகளில் பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்கு 19ஆம் எண். அடுத்த 20ஆம் எண், மழைக் கணக்கு. மழை அளவும் மனிதக் கணக்கும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருந்தன.

பதிவேட்டின் பக்கத்தில் தேதி, பெயர், ஆணா பெண்ணா, தந்தை பெயர், சாதி, இறப்பானால் காரணம் என்று கட்டங்கள். காரணத்துக்கு முன்சீப்பு தேர்ந்தெடுக்கக்கூடியவை மிகச் சில: காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, விபத்து, பிற. காலராவும் அம்மையும் கண்ணுக்குத் தெரியும். மற்ற எது வந்தாலும் உடம்பு சுடும். ஆகவே காய்ச்சல் என்று எழுதிவிடுவார்கள். மலேரியா, காசநோய், நிமோனியா, பிரசவத்துக்குப் பின் வரும் ஜன்னி எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்தன. கொல்லிமலைக்கு இது மிகப் பெரிய இழப்பு. மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் இரவில் தங்க அஞ்சிய மலை அது. ஒரு நாட்டில் மலேரியாவால் எத்தனை பேர், எந்த மாதத்தில், எந்த வயதில் இறந்தார்கள் என்ற வரலாறு இருந்திருந்தால் இன்று அது மருத்துவத்துக்கே அரிய ஆவணமாக இருந்திருக்கும். எஞ்சியிருப்பது காய்ச்சல் என்ற சொல் மட்டுமே.

அந்தக் காய்ச்சலுக்கு ஆண்டோடும் பெயரோடும் ஒரு சாட்சி வாழவந்தியில் இருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913 முதல் மலையில் தங்கி மருத்துவமும் கல்வியும் தந்தார்கள். பின்னாளில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பால் பிராண்ட் இவர்களின் மகன். ஜெஸ்ஸி 1929 ஜூனில், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். அவருக்குக் கல்லறை உண்டு, நூல்களில் இறந்த நாளும் நோயும் உண்டு. அதே மழைக்காலங்களில் அதே காய்ச்சலில் இறந்த மலையாளிக் குடும்பங்களுக்கு அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. இரு தரப்பையும் கொன்ற கொசு ஒன்றுதான். ஒரு சாவு எழுதப்பட்டது, மற்றவை எழுதப்படவில்லை.

1918இல் வந்த இன்ஃப்ளுயன்சாவில் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்ட அந்தச் சில மாதங்களில், சாவை எழுத வேண்டிய கிராம அதிகாரிகளும் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். எண்ணுபவரே நோயில் விழும்போது கணக்கு நின்றுவிடும். 1921 கணக்கெடுப்பு வந்த பிறகே, பதிவேடுகள் காட்டியதைவிட இழப்பு எவ்வளவு அதிகம் என்று அதிகாரிகள் ஊகிக்க முடிந்தது.

பதிவின் அருமையைத் தமிழர்கள் வேறொரு மலையில் பெருந்துயரோடு கற்றார்கள். இலங்கையில் 1867 முதலே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இருந்தது. ஆனால் சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் பலரிடம் தங்கள் தந்தையோ பாட்டனோ அத்தீவில் பிறந்ததைக் காட்டும் தாள் இல்லை. 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அந்தத் தாளைத்தான் கேட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த லட்சக்கணக்கான மக்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. சட்டம் வேண்டுமென்றே அவர்களைக் குறிவைத்தது என்பதில் ஐயமில்லை. கையில் தாள் இல்லாதது அந்தக் குறி தப்பாமல் படுவதற்கு உதவியது.

சுதந்திர இந்தியா 1969இல் புதிய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை இயற்றியது. பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பதிவு எல்லோருக்கும் கட்டாயமானது. பிறகு வந்த விதிகளின்படி 21 நாள்களுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. ஒரு மாதம் கடந்தால் அதிகாரியின் எழுத்து அனுமதி. ஓராண்டு கடந்தால் முதல் வகுப்பு நடுவரின் உத்தரவு வேண்டியிருந்தது. சமவெளியில் இது எளிய விதியாகத் தோன்றலாம். வீட்டில் பிரசவித்து, தீட்டு கழித்து, அறுவடை முடித்து, மலையிறங்க ஒரு நாள் ஒதுக்க வேண்டிய குடும்பத்துக்கு 21 நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஓராண்டு கடந்துவிட்டாலோ கீழே இருக்கும் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருந்தது. பின்னாளில் தமிழ்நாட்டில் இந்த அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மாற்றப்பட்டது. அவர் அலுவலகமும் மலைக்குக் கீழேதான்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை முன்சீப்பு, கர்ணம் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. அவர்களுக்குப் பதில் வந்த கிராம நிர்வாக அலுவலரே கிராமப் பதிவாளர் ஆனார். பரம்பரை அதிகாரம் ஒழிந்தது நல்லது. ஆனால் முன்சீப்புக்கு ஊரின் ஒவ்வொரு வீடும் தெரியும்; மாற்றலில் வரும் அலுவலருக்கு அது தெரியச் சில ஆண்டுகள் ஆகும், அதற்குள் அடுத்த மாற்றல் வந்துவிடும். மலையில் பணியிடம் கிடைத்தவர்கள் கீழே குடியிருந்து வந்து போவதும் உண்டு. இந்த இடைவெளியில் பல குழந்தைகளுக்குப் பள்ளித் தலைமையாசிரியரே பிறந்த தேதியைத் தந்தார். ஜூனில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு நாள் எழுதப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு தலைமுறை முழுவதும் கோடையிலேயே பிறந்ததாகப் பள்ளிச் சான்றிதழ்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மலையாளிகளுக்கு வயதைப் போலவே பிறந்த இடமும் முக்கியம். பழங்குடியினர் பட்டியலில் இவர்கள் சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டம் குறித்தே சேர்க்கப்பட்டுள்ளனர். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் அந்தப் பட்டியலில் இடம் கேட்டுப் பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள். எந்த மாவட்டத்து எல்லைக்குள் பிறந்தார் என்பது சாதிச் சான்றிதழையும், அதன் வழியே கல்லூரி இடத்தையும் வேலையையும் முடிவு செய்கிறது. கொல்லிமலையில் பதிவேட்டுக்கு மதிப்பு வந்தது இப்படித்தான். அரசு தன் தேவைக்குக் கேட்டபோது மக்கள் அலட்சியமாக இருந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு அது தேவை என்று தெரிந்ததும் அவர்களே தேடிப் போனார்கள். அறியாமையால் பதிவு செய்யவில்லை என்று மலைமக்களைக் குறை சொல்வது நியாயமில்லை. பயன் இல்லாத இடத்தில் ஒரு நாள் கூலியை யாரும் செலவழிக்க மாட்டார்கள்.

பிறப்புப் பதிவை உண்மையில் முழுமையாக்கியவர்கள் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள். கர்ப்பத்தைப் பதிவது முதல் தடுப்பூசி வரை அவர்கள் கையில் ஒரு தனிப் பதிவேடு உண்டு. பல நேரங்களில் அது கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டைவிட உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. அதன் வலிமை 1990களில் வெளிப்பட்டது. சேலம், தர்மபுரி வட்டாரத்தில் பெண் சிசுக்கொலை பேசுபொருளாகி, 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியிருந்தது. நடப்பது எவ்வளவு என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் சிசு மரணங்களுக்குச் சமூகக் காரணம் என்று செவிலியர்கள் எழுதியிருந்த குறிப்புகளைத் தொகுத்து, ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வதந்தியாகவும் மறுப்பாகவும் இருந்த ஒன்று அதன்பின் வட்டாரவாரியான எண்களாக மேசைமேல் வந்தது. பாவாடை நனைய ஓடை கடந்து நடந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து, கேட்க அஞ்சும் கேள்வியைக் கேட்டு எழுதிய பெண்களின் உழைப்பு அந்த எண்களில் இருக்கிறது.

மருத்துவமனைப் பிரசவம் பெருகியதும் நிலைமை வேகமாக மாறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. மலைப்பகுதிகளில், பிரசவ நாள் நெருங்கும் பெண்கள் முன்கூட்டியே வந்து தங்கக் காத்திருப்பு அறைகள் அமைந்தன. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரும் பிக்மி பதிவு முறை வந்து, பிறகு அந்த எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்றானது. குழந்தை பிறப்பதற்கு மாதங்களுக்கு முன்பே அதன் வரவு இன்று பதிவாகிவிடுகிறது.

ஆனால் பதிவேடு நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமானால் அதில் எழுதுபவர் நேர்மையாக இருக்க வேண்டும். 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டத்தின் ராசிபுரத்தில் பச்சிளங் குழந்தைகளை விலைபேசும் ஒலிப்பதிவு ஒன்று வெளியாகி மாநிலத்தையே உலுக்கியது. செவிலிய உதவியாளராக முன்பு பணியாற்றிய ஒருவர் கைதானார். கொல்லிமலையில் ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இருந்த ஒருவரும் கைதானார். வாங்கியவர்களையே பெற்றோராகக் காட்டிப் பிறப்புச் சான்றிதழ் பெற்றுத் தரப்பட்டதாகக் குற்றச்சாட்டு. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. சுகாதாரத் துறை குழுக்கள் அமைத்து, ராசிபுரத்திலும் கொல்லிமலையிலும் பதிவான பிறப்புகளைக் குழந்தைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தன. பதிவில் இருக்கும் குழந்தை வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் போன அந்தச் சோதனை, பதிவேட்டின் இரு முகத்தையும் காட்டியது. திருட்டை மறைக்க அதுவே திரையானது. திருட்டைக் கண்டுபிடிக்கவும் அதைவிட்டால் வேறு சான்று இல்லை. வறுமையில் மூன்றாவது, நான்காவது குழந்தையை வைத்துத் தவித்த மலைத் தாய்மார்களுக்கு இதில் நேர்ந்தது வெறும் ஆவண மோசடி அல்ல. தன் பிள்ளையைப் பெற்றவள் என்ற அடையாளமே தாளிலிருந்து அழிந்துபோனது.

பிறப்போடு ஒப்பிட்டால் இறப்புப் பதிவு இன்னும் பின்தங்கியே நிற்கிறது. வீட்டில் இறந்து, காட்டோரம் அடக்கம் செய்யப்படும் முதியவரின் சாவைப் பதிய அவசரம் எதுவும் இல்லை. சொத்தை மாற்ற வாரிசுச் சான்றிதழ் தேவைப்படும்போதோ, 1975 முதல் தமிழ்நாட்டில் வழங்கப்படும் ஆதரவற்ற விதவைகள் ஓய்வூதியத்துக்கு மனு எழுதும்போதோதான் இறப்புச் சான்றிதழ் நினைவுக்கு வரும். பட்டாவில் பெயர் இல்லாத பெண், ஒரு வாரமே வாழ்ந்த சிசு, இறந்தே பிறந்த குழந்தை ஆகியோரின் சாவால் யாருக்கும் எந்தத் தாளும் தேவைப்படுவதில்லை. ஆகவே பதிவேட்டில் முதலில் விடுபடுபவர்களும் அவர்களே. பதிவான இறப்புகளிலும் மருத்துவர் காரணம் எழுதித் தந்தவை குறைவு. முன்சீப்பின் காய்ச்சல் என்ற சொல்லுக்குப் பதில் இன்று முதுமை, மாரடைப்பு என்ற சொற்கள் வந்திருக்கின்றன. பாம்புக்கடியும் பிரசவ மரணமும் அவற்றுக்குள் மறைய வாய்ப்புண்டு.

உலக அளவில் இந்த இடைவெளி இப்போது வெளிப்படையாக அளக்கப்படுகிறது. 2015இல் ஐ.நா. ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 16.9 பிறப்புப் பதிவு உட்பட எல்லோருக்கும் சட்டப்படியான அடையாளம் வேண்டும் என்கிறது. 17ஆம் இலக்கின் கீழ் ஒரு நாடு பிறப்பில் 100 விழுக்காட்டையும் இறப்பில் 80 விழுக்காட்டையும் பதிவு செய்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆசிய பசிபிக் நாடுகள் 2014இல் பாங்காக்கில் கூடி, 2015 முதல் 2024 வரையான காலத்தைப் பதிவுப் பத்தாண்டு என அறிவித்தன. இந்தியாவில் 2019இல் பிறப்புகளில் 92.7 விழுக்காடும் இறப்புகளில் 92 விழுக்காடும் பதிவானதாக மத்திய அரசின் அறிக்கை கூறியது. 2020இல் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021இல் 1.02 கோடியாக உயர்ந்தன. தாது வருஷத்தில் கார்னிஷுக்குக் கிடைக்காத சான்று இது. பெருந்தொற்றின் சுமையை அதிகாரபூர்வ எண்ணிக்கைக்கு வெளியே நின்று மதிப்பிட இந்தப் பதிவுகளே உதவின.

ஆனால் நாட்டுச் சராசரி மலைச் சிற்றூரின் நிலையைச் சொல்லாது. ஒரு மாவட்டம் 98 விழுக்காடு என்றால், மிச்சமுள்ள இரண்டு விழுக்காடு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. அது பேருந்து நிலையத்துக்கு அருகில் இருக்காது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடக்க வேண்டிய ஊர்களில்தான் அதைத் தேட வேண்டும்.

2023இல் திருத்தப்பட்ட சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசு வேலை, ஆதார், திருமணப் பதிவு ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். தலைமையாசிரியர் தேதி தரும் காலம் அத்துடன் முடிந்தது. தாள் உள்ளவருக்கு எல்லாக் கதவையும் ஒன்றாகத் திறக்கும் இந்த விதி, தாள் இல்லாதவருக்கு எல்லாக் கதவையும் ஒன்றாகவே அடைக்கும். எனவே வீட்டுப் பிரசவங்களைத் தேடிப் பதிவது, பெயரில்லாமல் எடுத்த சான்றிதழில் பெயர் சேர்ப்பது, விடுபட்டவர்களுக்குத் தாமதப் பதிவை மலையிலேயே முகாம் நடத்தி முடிப்பது ஆகியவை முன்னைவிட அவசரமாகியுள்ளன. மலைமேல் உள்ள செம்மேட்டில் வட்டாட்சியர் அலுவலகம் வந்த பிறகு மலைமக்கள் பல சான்றிதழ்களுக்காகக் கீழே இறங்க வேண்டியதில்லை. ஓராண்டு தாண்டிய பிறப்பையும் வீட்டில் நேர்ந்த இறப்பையும் அங்கேயே விசாரித்து எழுதும் ஏற்பாடு முழுமை பெற்றால், 14 நாடுகளின் கணக்கும் 14 நாடுகளுக்குள்ளேயே முடியும்.